தொடைக்கறி யாருக்கு?

பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்ததும் நம் ஆட்கள் முதலில் தேடுவது லெக் பீஸைத்தான். நெஞ்சுத்துண்டு வந்துவிட்டால் முகம் சுருங்கிவிடும். இதே தொடையை எங்கே தள்ளிவிடுவது என்று தெரியாமல் அமெரிக்கக் கோழி வியாபாரிகள் பல வருடம் தவித்திருக்கிறார்கள். அந்தக் கதையைத் தேடிப் போனால் அது நம்மூர்ச் சண்டைச்சேவலில் போய் நிற்கிறது.

அமெரிக்காவிலும் கோழிக்கறி ஒரு காலத்தில் முட்டை வியாபாரத்தின் துணைப்பொருள்தான். 1923இல் டெலவேர் மாநிலத்தில் செசீல் ஸ்டீல் என்ற பெண் முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டார். தவறுதலாக 500 வந்து இறங்கின. திருப்பி அனுப்பாமல் வளர்த்துக் கறிக்கு விற்றார். பிராய்லர் தொழிலின் தொடக்கமாகச் சொல்லப்படுவது இதுதான். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஏ அண்ட் பி என்ற மளிகைக்கடைச் சங்கிலியும் அரசு வேளாண் துறையும் சேர்ந்து ‘நாளைய கோழி’ என்று ஒரு போட்டியே நடத்தின. எப்படிப்பட்ட கோழி வேண்டும் என்பதற்கு மெழுகில் மாதிரி செய்து வைத்தார்கள். அகன்ற, தடித்த நெஞ்சுதான் இலக்கு. 1948இல் நடந்த தேசிய இறுதிச்சுற்றில் கலிபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரஸ் ஜெயித்தார். அவருடைய கோழி கார்னிஷும் நியூ ஹாம்ப்ஷயரும் சேர்ந்த கலப்பு.

அந்த கார்னிஷுக்கு இங்கிலாந்தில் பழைய பெயர் ‘இந்தியன் கேம்’. கார்ன்வாலில் உருவான அந்த இனத்தில் ஓடுவது இந்தியாவிலிருந்து போன அசில் சேவலின் ரத்தம். ‘ஆடுகளம்’ பார்த்தவர்களுக்கு அந்த உடம்பை விளக்க வேண்டியதில்லை. சண்டைக்காக நாம் வளர்த்த நெஞ்சை அவர்கள் தட்டுக்காக எடுத்துக்கொண்டார்கள்.

கொழுப்பு என்றாலே பயந்த எண்பதுகளில் அமெரிக்கர்களின் நெஞ்சுக்கறி மோகம் இன்னும் ஏறியது. ஆனால் நெஞ்சு மட்டும் வளரும் கோழி கிடையாதே! மிஞ்சிய கால்களுக்கு 1990இல் ஒரு வழி பிறந்தது. கோர்பச்சேவும் மூத்த புஷ்ஷும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி உறைந்த கோழிக்கால்கள் சோவியத் ஒன்றியத்துக்குக் கப்பலேறின. காலிக் கடைகளின் முன் வரிசையில் நின்ற மக்கள் அவற்றுக்கு ‘புஷ் கால்கள்’ என்று பெயர் வைத்தார்கள். பெயரில் கிண்டல் இருந்தது, வயிற்றில் பசி இருந்தது. 2014இல் ரஷ்யா அமெரிக்கக் கோழியை மொத்தமாகத் தடை செய்தது.

இந்தியாவின் கதை வேறு. பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி 2007இல் நாம் அமெரிக்கக் கோழியைத் தடுத்தோம். 2012இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது; 2015இல் மேல்முறையீட்டிலும் நாம் தோற்றோம். ஆனாலும் கோழிக்கால் மீதான 100 சதவீத இறக்குமதி வரி ஒரு சுவராக நின்றது. பல்லடம் பக்கம் கம்பெனியிடம் குஞ்சும் தீவனமும் வாங்கி, வளர்ப்புக் கூலிக்குக் கோழி வளர்க்கும் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். இன்னொரு நாட்டின் மிச்சத்தோடு விலையில் யாராலும் போட்டி போட முடியாது.

பிராய்லரைத் திட்டுவது இப்போது ஃபேஷன். “நாட்டுக்கோழி ருசி வருமா?” என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன். நாட்டுக்கோழிக் காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு கோழி, அதற்கு இரண்டே கால். எங்கள் வீட்டில் ஒன்று அப்பாவுக்கு, இன்னொன்று விருந்தாளிக்கு. விருந்தாளி வராவிட்டால் அண்ணனுக்கு. அம்மா கழுத்தையும் முதுகெலும்பையும் எடுத்துக்கொண்டு “எனக்கு இதுதான் பிடிக்கும்” என்பாள். ஊரிலிருந்த எல்லா அம்மாக்களுக்கும் கழுத்து மட்டுமே பிடித்திருந்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. கிலோக் கணக்கில் தனியாக லெக் பீஸ் வாங்கலாம் என்று வந்த பிறகுதான் சமைத்தவர் தட்டிலும் தொடை விழுந்தது. பிராய்லர் செய்த ஒரே நியாயம் இதுதான் என்பேன்.

ருசி குறைவு என்பது உண்மைதான், அதற்குக் காரணமும் உண்டு. கோழி நாளெல்லாம் நின்று நடப்பது காலால். உழைக்கும் தசையில் ஆக்ஸிஜனைச் சேர்த்து வைக்கும் மயோகுளோபின் அதிகம், சிவப்பு அதனால்தான். கொழுப்பும் கொலாஜனும் கூடுதல். ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடும் பிராய்லர் எங்கே நடந்தது? இருந்தாலும் நெஞ்சைவிடத் தொடை சமையலில் நம்மை மன்னிக்கும். நெஞ்சுக்கறி 70 டிகிரியைத் தாண்டினால் சக்கைதான். தொடையோ 80க்கு மேல் போகும்போதுதான் கொலாஜன் இளகிக் குழைகிறது.

நான் எலும்போடு, தோலோடு வாங்குவேன். எலும்பு வரை இரண்டு கீறல் போட்டு, உப்பும் மஞ்சளும் தடவி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். மறுநாள் இரும்புச் சட்டியில் இரண்டே சொட்டு நல்லெண்ணெய் விட்டு, தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துச் சிறுதீயில் விட்டால் கொழுப்பு தானே உருகி வரும். தோல் மொறுமொறுப்பானதும் எடுத்துவிட்டு, அந்தக் கொழுப்பிலேயே பள்ளிபாளையம் பாணியில் சின்ன வெங்காயம், கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல் எல்லாம் வதக்கி, கறியைத் திரும்ப வைத்து மூடி அரை மணி நேரம். மசாலாப் பொடி எதுவும் வேண்டாம். கடைக்காரரிடம் மட்டும் “தோலோட குடுங்கண்ணே” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் அசந்தால் உரித்துவிடுவார்.