கதிரவன் தரும் குளிர்ச்சியும் குளிர்கோபுரமும்

கதிரவனின் வெப்பத்தைக் கொண்டே அறையைக் குளிர்விக்கலாம் என்றால் கேட்போர் வியப்பர். வெயில் ஏற ஏறக் குளிர்ச்சியின் தேவை ஏறுகிறது. கதிரவன் வழங்கும் ஆற்றலும் உடன் ஏறுகிறது. தேவையும் வரவும் இவ்வாறு ஒருங்கே கூடியும், இம்முறை உலகில் அருகியே காணப்படுகிறது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் பலரும் எண்ணிப் பாராத ஒன்றை இங்கே ஆராய்வோம்.

சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம், 1842-இல் பனிக்கட்டிக் கிடங்காக எழுந்ததாகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைப் பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் கப்பலேற்றி அங்கே சேர்ப்பித்தார். அவ்வணிகம் மறைந்தது, அக்காலத்து அளவோ இன்றும் நிலைத்துள்ளது. ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உட்கொள்ளுமோ, அதுவே குளிர்பதனத் துறையில் 'ஒரு டன்' எனப்படும். அஃது ஏறத்தாழ 3.5 கிலோவாட்.

வெப்பத்தைக் கொண்டு குளிர்ச்சி பெறும் உறிஞ்சு முறைப் பொறிக்குப் பிரான்சு நாட்டுப் பெர்தினான் கர்ரே 1859-இல் காப்புரிமை பெற்றார். அப்பொறியைத் தம் கதிரவ அடுப்போடு இணைத்தவர் தூர் நகரில் கணக்கு ஆசிரியராய் இருந்த ஒகுஸ்தேன் முஷோ. 1878-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில், அவர் வெயிலைக் கொண்டே பனிக்கட்டி உறையச் செய்து காட்டினார். ஓர் ஆசிரியரின் இச்சாதனை நம்மவர் நினைவில் நிற்கத் தக்கது. பின்னர், 1945-இல் அமெரிக்காவின் கேரியர் நிறுவனம் லித்தியம் புரோமைடு என்னும் உப்பைப் பயன்படுத்தும் பெரும்பொறியை வெளியிட்டது. இன்று கதிரவ வெப்பத்தால் இயங்குவனவற்றுள் பல இவ்வகையினவே.

இப்பொறியின் உள்ளே காற்றை நீக்கிய கலத்தில் நீர் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தைக் கவர்கிறது. அந்த ஆவியை உப்புக் கரைசல் உறிஞ்சுகிறது. கரைசலிலிருந்து ஆவியை மீண்டும் பிரிக்கவே கதிரவனின் வெப்பம் வேண்டும். பிரிந்த ஆவி குளிர்ந்து நீராகி, பழைய வேலைக்குத் திரும்புகிறது. அறையிலிருந்து எடுத்த வெப்பம் ஒன்று, கதிரவனிடமிருந்து பெற்ற வெப்பம் மற்றொன்று. இவ்விரண்டும் வெளியேறியாக வேண்டும். ஒரு டன் குளிர்ச்சிக்கு மின்சாரப் பொறி ஏறத்தாழ 4.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். உறிஞ்சு பொறியோ 8.5 கிலோவாட் அளவு வெளியேற்ற வேண்டியிருக்கும். கிட்டத்தட்ட இரு மடங்கு! அவ்வெப்பத்துக்கு வழிவிடும் வாயிலே குளிர்கோபுரம்.

கோபுரத்தின் உச்சியிலிருந்து வெந்நீர் சிறு துளிகளாய் வழிகிறது. எதிரே காற்று ஏறுகிறது. நீரின் சிறு பகுதி ஆவியாகி, எஞ்சிய நீரைக் குளிர்விக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்த விதியாலேதான். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் செலவாகும். ஆகவே உறிஞ்சு பொறியில் ஒரு டன் குளிர்ச்சிக்கு மணிக்குப் பன்னிரண்டு லிட்டர் வரை நீர் ஆவியாய்ப் போகும். எஞ்சிய நீரில் உப்புப் படியாதிருக்க அவ்வப்போது வடித்துவிடும் நீர் இதற்கு மேல்.

இங்கே நம் பேராக்கின் தட்பவெப்பம் குறுக்கிடுகிறது. மழை மாதங்களில் கொடியில் போட்ட துணி உலராததை நாம் அறிவோம். ஈரம் நிறைந்த காற்று மேலும் ஈரத்தை ஏற்கத் தயங்கும். இராசத்தானத்துப் பாலைக் காற்று 40 டிகிரி வெப்பமும் 15 விழுக்காடு ஈரப்பதமும் உடையதாயின், ஆவியாதலால் நீர் 20 டிகிரியை ஒட்டிக் குளிரக்கூடும். ஈப்போவில் பிற்பகற் காற்று 33 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் ஆயின், 26 டிகிரிக்குக் கீழ் இறங்க இயலாது. நடைமுறையில் 29 அல்லது 30 டிகிரியிலேயே நின்றுவிடும். நாள் முழுவதும் இவ்வெல்லையை ஒட்டியே பொறி உழைக்க வேண்டும்.

எனினும் ஈரமான நாட்டில் இது நடவாது என்று கருதுவது பிழை. பேராக்கிலேயே, துரோனோ வட்டாரத்தில் அமைந்த பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், எரிவாயு விசையாழிகளின் கழிவு வெப்பத்தால் உறிஞ்சு பொறிகளை இயக்கித் தன் கட்டடங்களைக் குளிர்விக்கிறது. கதிரவ வெப்பத்துக்கோ சிங்கப்பூர் சான்று. அங்கே தெம்பினிஸ் பகுதியில் ஐக்கிய உலகக் கல்லூரி என்னும் பள்ளியின் கூரைமேல் ஏறத்தாழ 3,900 சதுர மீட்டர் கதிரவ ஏற்பிகள் அமைத்து, 2011-இல் 1.5 மெகாவாட் அளவிலான உறிஞ்சு பொறியை நிறுவினர்.

கோபுரத்தைப் பேணுதலும் பெரும் பொறுப்பே. 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் போர்வீரர் மாநாட்டில் பரவிப் பலரை மாய்த்த நுரையீரல் நோய்க்குக் காரணமான நுண்ணுயிர், மறு ஆண்டில் கண்டறியப்பட்டது. லெஜியோனெல்லா எனப் பெயர் பெற்ற அவ்வுயிர், பேணாத கோபுர நீரில் பெருகி நுண்துளிகளோடு காற்றில் பரவவல்லது.

இவ்வாராய்ச்சி நமக்கு வேண்டுவதே. 2016 ஏப்ரலில் வெயிலின் கடுமையால் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் 250-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. நம் பள்ளிகளுக்கும் குளிர்ச்சி வேண்டும் என்னும் குரல் ஓங்கும். கூரையில் மின்தகடு வைத்துச் சாதாரணக் குளிர்பதனப் பெட்டியை இயக்குவது இன்று எளிது. அதற்குக் கோபுரமும் வேண்டா. பெரிய கட்டடத்துக்கு உறிஞ்சு முறையை எண்ணுவோர், கூரையில் எத்தனை வெயில் விழுகிறது என்பதோடு நில்லாமல், வெப்பத்தை எங்கே விடுவது, அதற்கு நீர் எங்கே, கோபுரத்தைப் பேணுவார் யார் என்றும் வினவுதல் வேண்டும்.

இதனை மாணவர்க்கு உணர்த்தப் பெருஞ்செலவு வேண்டா. பள்ளித் தாழ்வாரத்தில் இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, நாள்தோறும் பிற்பகல் இரண்டையும் குறித்துவரச் செய்யலாம். ஈரத்துணி சுற்றியது காட்டும் எண்ணே, அவ்வூரில் எந்தக் குளிர்கோபுரமும் கடக்கவியலாத எல்லை.