பால்மரக் காடும் பங்கு பிரிந்த ஓசையும்



உறுமி மேளம் கேட்டிராதவர் நம்மில் யார்? உறுமி அடிவயிற்றிலிருந்து முனகுவதுபோல் ஒலிக்கும். கூடவே ஜால்ரா கணீரென்று ஒலிக்கும். முன்னது கனத்த ஓசை. பின்னது மெல்லிய ஓசை. இவ்விரண்டையும் ஒரே சிறிய பெட்டியிலிருந்து சரியாக எடுப்பது எளிதன்று. ஆகவே ஓசையைப் பங்கு பிரித்துக் கொடுக்க மனிதன் கற்றுக்கொண்டான். அந்த வரலாற்றைச் சிங்கப்பூரின் ஆங் மோ கியோவிலிருந்து தொடங்குவோம்.

1877ஆம் ஆண்டு இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. பிறகு அத்தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி என்பவர், மரம் சாகாமல் பால் வெட்டும் முறையைக் கண்டறிந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங் மோ கியோ வட்டாரத்திலும் பால்மரங்கள் நிறைந்தன. 1973இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே புதுநகரை எழுப்பத் தொடங்கியது. 1987 நவம்பர் 7ஆம் நாள் சிங்கப்பூரின் முதல் பெருவிரைவு ரயில் ஓடியது; அது நின்ற நிலையங்களுள் ஆங் மோ கியோவும் ஒன்று. மரங்கள் நின்ற மண்ணில் மாடி வீடுகள் நின்றன.

மாடி வீடு என்பது நிமிர்த்தி வைத்த லயம் போன்றது. ஒருவர் சுவர் அடுத்தவருக்கும் சுவர்; ஒருவர் தரை கீழ்வீட்டாருக்குக் கூரை. ஒரு காலத்தில் இது பெரிய தொல்லையாக இல்லை. 1949இல் சிங்கப்பூரில் தொடங்கிய ரெடிஃபியூஷன், கம்பி வழியே வீடுகளுக்கு ஒலிபரப்பியது. 2012இல் அச்சேவை நின்றது. வீட்டில் இருந்ததெல்லாம் ஒரு சிறு பெட்டி. அதில் குரல் தெளிவாகக் கேட்கும். கனத்த ஓசை அவ்வளவாக வராது.

கனத்த ஓசைக்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு வேண்டும். மெல்லிய ஓசைக்கு வேகமாக அதிர வேண்டும். அதற்குச் சிறிய கூம்பு வேண்டும். 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தார் ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவை வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கச் செய்தனர். அப்போதே தாழ்ந்த ஓசைக்கு ஒரு வகை ஒலிபெருக்கி, உயர்ந்த ஓசைக்கு வேறு வகை என்று பிரித்திருந்தனர். அப்படிப் பிரித்து அனுப்பும் கருவிக்குத்தான் கிராஸ்ஓவர் என்று பெயர். நீரைப் பங்கிடும் மடை போன்றது அது.

1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சரும் ஹென்றி குளோஸும் அக்கௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினர். மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, ஆழ்ந்த ஓசையை அவர்கள் எழுப்பினர். 1988இல் குளோஸ் கேம்பிரிட்ஜ் சவுண்ட்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அலமாரியில் அடங்கும் சிறு பெட்டிகளும், அடித்தொனிக்குத் தனியாக சப்வூஃபரும் சேர்ந்த தொகுதிகள் அங்கிருந்து வந்தன. சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங் கம்பத்தில் வளர்ந்த சிம் வோங் ஹூ, 1981இல் கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை கணினியைப் பாட வைத்தது. 1997இல் கிரியேட்டிவ், குளோஸ் தொடங்கிய அந்த அமெரிக்க நிறுவனத்தையே வாங்கியது. சிம் 2023இல் மறைந்தார்.

இனி, வீட்டில் இதை எப்படி அமைப்பது? ஓசையின் உயரத்தை ஹெர்ட்ஸ் என்னும் அளவால் சொல்வர். ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதே அது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று நம் காதுக்கு எளிதில் தெரியாது. ஆகையால் சப்வூஃபரை ஓரமாக வைத்தாலும், பாட்டு முழுவதும் முன்னாலிருக்கும் சிறு பெட்டிகளிலிருந்து வருவதாகவே தோன்றும். பெரும்பாலான வீடுகளில் 80இல் தொடங்குவது நல்லது. எல்லையை 150க்கு உயர்த்தினால், பாடகரின் குரல் பாதி மூலைக்குப் போய்விடும். மிகத் தாழ்த்தினால், சிறு பெட்டி கைவிட்ட இடத்தைச் சப்வூஃபரும் தொடாது. மிருதங்கத்தின் தொப்பி ஒலி இடையில் காணாமற்போகும். சிறு பெட்டி மிகச் சிறியதென்றால் 100, 120 வரை உயர்த்தலாம்.

ஒலிபெருக்கியிலும் ஒரு பிரிப்பு, சப்வூஃபரிலும் ஒரு பிரிப்பு என்று இரண்டு வேண்டாம். ஒலிபெருக்கியில் பிரித்தால், சப்வூஃபரின் திருகை உச்சத்தில் விட்டுவிடுங்கள். பின்னாலுள்ள ஃபேஸ் பொத்தானை மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றொன்று பின்னே போனால், ஓசை ஓசையையே தின்றுவிடும். எந்த நிலையில் மத்தளம் நிறைவாகக் கேட்கிறதோ, அதுவே சரி. கடைசியாக, சப்வூஃபரின் ஓசையை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். அது தனியே கேட்கக் கூடாது. நிறுத்தினால்தான் அதன் குறை தெரிய வேண்டும்.

இதில் பணத்தைவிடப் பெரிய செய்தி ஒன்றுண்டு. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய எட்டரை மீட்டர். அதைச் சுவரோ கதவோ முழுதாகத் தடுக்காது. நமக்கு இன்பமாயிருக்கும் மேளம், அடுத்த வீட்டில் பாட்டாக அன்றி, வெறும் இடியாகவே போய்ச் சேரும். அங்கே பச்சைக் குழந்தை உறங்கலாம். விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டியவர் படுத்திருக்கலாம். அண்டை வீட்டுச் சச்சரவுகளுக்காகச் சிங்கப்பூரில் 1998இல் சமூக நடுவர் மையமும், 2015இல் தனித் தீர்ப்பாயமும் ஏற்பட்டன. அவ்வளவு தூரம் போகாமல் காக்கும் வழி நம் விரல் நுனியில் இருக்கிறது. சப்வூஃபரைப் பொதுச் சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். இரவில் அதை மட்டும் அணைத்துவிடுங்கள். சிறு பெட்டிகள் பாடிக்கொண்டிருக்கும்.

உங்கள் ஒலிப்பெட்டியின் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைப் பாருங்கள். பல பெட்டிகளில் அது ரப்பர். கூம்பை முன்னும் பின்னும் தாராளமாக அசையவிட்டு, எல்லை மீறாமல் பிடித்தும் வைத்திருக்கிறது. ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் நமக்கும் அந்தப் பக்குவமே வேண்டும்.