தொண்டும் ஊதியமும் – ஒரு வரலாற்றுப் பார்வை

தொண்டுக்குக் கூலி கேட்கக் கூடாது என்பது நம் ஊர்ப் பக்கம் வெகு காலமாக இருந்து வரும் எண்ணம். திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவரும், வெள்ளம் வந்தால் ஓடி உதவுபவரும் காசு வாங்குவதில்லை. கல்லூரி மாணவர்களின் சமூகப் பணியும் இந்த எண்ணத்தின் மீதுதான் கட்டப்பட்டது. ஆனால் ஊதியம் இல்லாத தொண்டில் யாரால் சேர முடியும், யாரால் முடியாது என்று பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதல்ல.

நாட்டு நலப்பணித் திட்டம்

காந்தியின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24ல் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) தொடங்கப்பட்டது. முதலில் 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது இதன் அமைப்பு. மரம் நடுதல், இரத்த தானம், கிராமத்தில் தங்கி வேலை செய்தல் எனப் பல தலைமுறை மாணவர்களுக்கு ஊரை அறிமுகப்படுத்திய திட்டம் இது.

ஆனால் இதில் ஊதியம் கிடையாது. விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிகளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவர்களை நினைத்துப் பாருங்கள். விடுமுறை நாளில் கரும்பு வெட்டவோ, துணிக்கடையில் நிற்கவோ போனால்தான் சிலருக்கு அடுத்த வாரச் செலவு நடக்கும். அவர்களுக்கு ஏழு நாள் முகாம் என்பது ஏழு நாள் கூலி இழப்பு. ஊரின் கஷ்டத்தை நன்றாக அறிந்த மாணவரே இப்படி விலகி நிற்க வேண்டியதாகிறது.

அமெரிக்கா கண்ட வழி

இதே சிக்கலை அமெரிக்கா 1930களின் பெருமந்தக் காலத்தில் சந்தித்தது. 1935ல் தேசிய இளைஞர் நிர்வாகம் என்ற அமைப்பு உருவானது. படிப்பைத் தொடர முடியாத மாணவர்களுக்குப் பொதுப்பணி கொடுத்து, அதற்கு ஊதியமும் கொடுத்தது. டெக்சாஸ் மாநிலத்தில் இதன் இயக்குநராக வந்தவருக்கு வயது 26. பெயர் லிண்டன் ஜான்சன். சான் மார்க்கோஸ் கல்லூரியில் துப்புரவு வேலை செய்து படித்தவர் அவர். இளைஞர்களைக் கொண்டு சாலையோரப் பூங்காக்கள் அமைத்தார்.

அவரே பின்னாளில் ஜனாதிபதியாகி, 1964ல் கையெழுத்திட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டத்தின் மூலம் 'வேலையுடன் படிப்பு' திட்டத்தைக் கொண்டு வந்தார். இன்று அத்திட்டத்தில் ஒரு கல்லூரி பெறும் நிதியில் குறைந்தது 7 சதவீதம் சமுதாயப் பணி செய்யும் மாணவர்களின் ஊதியத்துக்குப் போக வேண்டும் என்பது விதி.

முதலியார்குப்பத்தில் தொடங்கியது

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய முயற்சி விழுப்புரம் மாவட்டத்திலேயே தொடங்கியது. 1993ல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கிய அன்றைய விழுப்புரத்தின் எழுத்தறிவு 71.88 சதவீதம், மாநில சராசரி 80.09.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்து குழந்தைகள் எழுத்தையே மறந்த நேரத்தில், 2021 அக்டோபர் 27ல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் 12 மாவட்டங்கள், பிறகு மாநிலம் முழுவதும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை சொல்லித்தர பிளஸ் டூ முடித்தவர்; ஆறு முதல் எட்டு வரை என்றால் பட்டதாரி. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வகுப்பு. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ 2 லட்சம் பேர் இதில் இறங்கினர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஆயிரம் ரூபாய் பெரிய தொகை அல்ல. ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய் அளவுதான் வரும். என்றாலும் பஸ் செலவுக்கும் போன் ரீசார்ஜுக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை. 'சாயங்காலம் எங்கே போகிறாய்?' என்ற கேள்விக்குப் பெண் பிள்ளைகளுக்கு அது ஒரு பதிலாகவும் இருந்தது. வகுப்பு நடத்த இடம் வேண்டும், விளக்கு வேண்டும். அதற்காக ஊராட்சித் தலைவரிடம் பேச வேண்டும், பிள்ளையை அனுப்பாத பெற்றோரைச் சமாதானப்படுத்த வேண்டும். தலைமைப் பண்பு என்று மேடையில் பேசப்படுவது இந்த வேலைகளைத்தான்.

இரண்டு பாதிகள்

பள்ளிகள் வழக்கம்போல் நடக்கத் தொடங்கியதும் மையங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. தெருவில் தலைமை ஏற்கப் பழகிய பலருக்கு அடுத்த படி எதுவும் இல்லை. ஏனெனில் அது பள்ளிக்கல்வித் துறையின் திட்டம். கல்லூரிப் படிப்போடு அதற்குத் தொடர்பில்லை.

என்.எஸ்.எஸ்.ஸில் கல்லூரி உண்டு, ஊதியம் இல்லை. இல்லம் தேடிக் கல்வியில் ஊதியம் உண்டு, கல்லூரி இல்லை. இரண்டும் இரண்டு பாதிகளாகவே நிற்கின்றன. கல்லூரி மதிப்பெண்ணும் வழிகாட்டும் பேராசிரியரும் மாதச் சிறு ஊதியமும் ஒரே திட்டத்தில் சேர்ந்தால், திண்டிவனத்தில் படிக்கும் ஓர் ஏழை மாணவி தன் ஊருக்கே பயிற்சிப் பணிக்குப் போகலாம். தொண்டுக்கு ஊதியம் கொடுப்பது தொண்டைக் குறைப்பதாகாது. அதுவரை வாசலில் நின்றவருக்கும் கதவைத் திறப்பதாகும்.