கிறிஸ்தோஃப் ரூஸே: விசைப்பலகையும் ஓபராவும்

கிறிஸ்தோஃப் ரூஸே (பிறப்பு: 12 ஏப்ரல் 1961, அவிஞோன்) பிரான்சின் ஹார்ப்சிகார்ட் கலைஞர், இசைநடத்துநர். பரோக் காலப் படைப்புகளை அக்கால இசைக்கருவிகளில் வாசிக்கும் ‘லே தாலான் லிரீக்’ குழுவை 1991இல் நிறுவியவர். ராமோ, பிரான்சுவா கூப்பெரான் ஆகியோரின் ஹார்ப்சிகார்ட் படைப்புகளை முழுமையாக ஒலிப்பதிவு செய்தவர் என்றும், லுலியின் ஓபராக்களை வரிசையாக மீட்டெடுத்தவர் என்றும் அறியப்படுகிறார். இளமையில் தனிக்கச்சேரிக் கலைஞர், பிறகு ஓபரா நடத்துநர் என்று அவருடைய இசைவாழ்வை இரண்டு பாகமாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். படைப்புகளை வரிசைப்படுத்த அது வசதியான பிரிவுதான். ஆனால் உண்மையை மறைக்கிறது. ஹார்ப்சிகார்ட் அவரை எதற்குப் பழக்கியதோ அதையே அவர் ஓபராவிலும் செய்துவந்திருக்கிறார்.

கல்வியும் இரு மரபுகளும்

தெற்குப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் வளர்ந்த ரூஸே, 13 வயதில் ஹார்ப்சிகார்டைத் தேர்ந்தெடுத்தார். பாரிஸின் ஸ்கோலா காந்தோரும் பள்ளியில் உகெத் த்ரேஃபூஸிடமும், பின்னர் ஹேக் நகர அரச இசைக்கல்லூரியில் பாப் வான் ஆஸ்பெரனிடமும் பயின்றார். இந்த இரு ஆசிரியர்களும் இரு வேறு மரபுகளின் பிரதிநிதிகள். த்ரேஃபூஸின் ஆசிரியர் ருஜ்ஜெரோ ஜெர்லின். ஜெர்லினின் ஆசிரியர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்ப்சிகார்டை மீண்டும் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த வாண்டா லாண்டோவ்ஸ்கா. அவர் வாசித்தது பிளெயெல் நிறுவனம் பியானோ தொழில்நுட்பத்தைக் கலந்து செய்த கனத்த நவீனக் கருவி. வான் ஆஸ்பெரனோ குஸ்தாவ் லேயோன்ஹார்ட்டின் மாணவர். லேயோன்ஹார்ட் அத்தகைய கருவிகளை ஒதுக்கிவிட்டு 17, 18ஆம் நூற்றாண்டுக் கருவிகளுக்கும் அவற்றின் நேர்நகல்களுக்கும் திரும்பியவர். சொல்லை உச்சரிப்பதுபோல் ஒவ்வொரு சுரத்தையும் பிரித்தும் இணைத்தும் வாசிக்கும் முறையை நிலைநிறுத்தியவர். ஒரு பக்கம் பிரெஞ்சு இசையின் நயத்தில் ஊறிய பயிற்சி, மறுபக்கம் மூலக்கருவியையும் மூலக்குறிப்பையும் விடாமல் பின்பற்றும் ஒழுங்கு. இரண்டும் ஒரே மாணவரிடம் சேர்ந்தன. 1983இல், 22 வயதில், பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் நடந்த ஹார்ப்சிகார்ட் போட்டியில் முதற்பரிசையும் பார்வையாளர் பரிசையும் வென்றபோது இசையுலகம் அவரைக் கவனித்தது.

கருவி கற்றுத்தந்த வாசிப்பு

ஹார்ப்சிகார்டில் ஒரு விசையை அழுத்தினால், உள்ளே மெல்லிய மரத்துண்டு ஒன்று மேலெழும். அதில் செருகியிருக்கும் சிறு இறகுமுனை தந்தியை மீட்டிவிட்டு இறங்கும். விரல் மெல்லத் தொட்டாலும் ஓங்கி விழுந்தாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றே. பியானோவில் உணர்ச்சியைச் சுமக்கும் ஏற்ற இறக்கம் இங்கே கைகொடுக்காது. எனவே வாசிப்பவரிடம் மிஞ்சுவது காலம் மட்டுமே: ஒரு சுரத்தை எவ்வளவு தாமதப்படுத்துவது, முந்தைய சுரத்தின் மேல் எவ்வளவு நேரம் படியவிடுவது, ஒன்றாக ஒலிக்க வேண்டிய சுரங்களை எந்த வேகத்தில் விரித்து மீட்டுவது, அலங்காரத்தை எங்கே தொடங்குவது. இந்தத் தேவை மிகக் கூர்மையாக வெளிப்படுவது, பிரான்சுவா கூப்பெரானுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த லூயி கூப்பெரானின் ‘அளவிடாத’ முன்னிசைகளில். அவற்றின் ஏட்டில் தாளக்கோடு கிடையாது. எல்லாச் சுரங்களும் ஒரே வெற்று வட்டங்களாக வரிசையாக நிற்கும். அவற்றுக்கு மேலும் கீழும் நீண்ட வளைகோடுகள் ஓடும். எந்தச் சுரம் நீளும், எது விரைந்து கடக்கும் என்று ஏடு சொல்வதில்லை. வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். லூயி கூப்பெரானின் படைப்புகளையும் ஃப்ரோபெர்கரின் படைப்புகளையும் ரூஸே பாரிஸ் இசை அருங்காட்சியகத்தின் 1652ஆம் ஆண்டுக் கூஷே ஹார்ப்சிகார்டில் ஒலிப்பதிவு செய்திருக்கிறார். பாஹ்வின் ‘வெல்-டெம்பர்ட் கிளாவியர்’ தொகுப்புக்கு அவர் தேர்ந்தெடுத்தது வெர்சாய் அரண்மனையிலுள்ள 1628ஆம் ஆண்டு ரக்கர்ஸ் கருவி.

இனி லுலியின் ஓபரா ஏட்டைப் புரட்டினால் அதே சிக்கல் வேறு உருவில் எதிர்ப்படும். அவருடைய வசனப்பாட்டுப் பகுதிகளில் பாடகரின் வரியும் அடிக்குரல் வரியும் அதன்மேல் சில எண்களும்தான் எழுதப்பட்டிருக்கும். பிரெஞ்சுச் செய்யுளின் சீர்களைப் பின்தொடர்ந்து தாளம் நான்கிலிருந்து மூன்றுக்கும் இரண்டுக்கும் அடிக்கடி மாறும். எண்களைப் பார்த்து உடனொலிக்கும் சுரங்களை அந்தந்தக் கணத்தில் உருவாக்குவது ஹார்ப்சிகார்ட் கலைஞரின் பொறுப்பு. துயர வரியில் அவற்றை மெல்ல விரிப்பதும், சினம் வெடிக்கும் இடத்தில் வறண்ட ஒரே மீட்டலில் நிறுத்துவதும் அவர் கையில் இருக்கிறது. எழுதாமல் விட்ட காலத்தை மொழியின் ஓட்டத்திலிருந்து கண்டெடுப்பதே இரண்டு இடங்களிலும் வேலை. 1980களில் வில்லியம் கிறிஸ்டியின் ‘லேஸ் ஆர் ஃப்ளோரிஸான்’ குழுவில் ஹார்ப்சிகார்ட் வாசித்த ரூஸே இந்த வேலையை உள்ளிருந்தே பழகினார். 1987இல் அக்குழு லுலியின் ‘ஆதீஸ்’ ஓபராவை மீண்டும் மேடையேற்றி, பிரெஞ்சு பரோக் ஓபராவுக்கு இன்றைய இரசிகர்களும் உண்டு என்று நிரூபித்தது.

குழுவும் அதன் பாதையும்

1991இல் ரூஸே தொடங்கிய குழுவின் பெயர், ராமோ 1739இல் அளித்த ஓபரா-பாலே ஒன்றின் துணைத்தலைப்பிலிருந்து வந்தது. அந்த ராமோவும் ஹார்ப்சிகார்டிலிருந்து ஓபராவுக்கு வந்தவர்: தன் முதல் ஹார்ப்சிகார்ட் தொகுதியை 1706இல் வெளியிட்டார். முதல் ஓபராவை மேடையேற்றியபோது அவருக்கு 50 வயது. அவருடைய ‘காட்டுமக்கள்’ என்ற ஹார்ப்சிகார்ட் துண்டு பின்னாளில் அவருடைய ஓபரா ஒன்றுக்குள் நடனமாகப் புகுந்தது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. தாங்கிள்பேர் 1689இல் வெளியிட்ட ஹார்ப்சிகார்ட் தொகுதியில் லுலியின் ஓபராக்களிலிருந்து எடுத்து மாற்றியமைத்த துண்டுகள் உண்டு. ருவாயேயின் ‘சித்தியர் அணிவகுப்பு’ அவருடைய சொந்த ஓபராவின் நடனத்திலிருந்து பிறந்தது. ரூஸே தாங்கிள்பேரையும் ருவாயேயையும் வாசித்துப் பதிவு செய்தவர். அந்தக் காலத்து இசைஞர்களுக்கே இல்லாத எல்லைக்கோட்டை அவருடைய வாழ்வின் நடுவே நாம் கிழிப்பதில் பொருளில்லை. ஆண்டுகளும் இதையே சொல்கின்றன. குழு வளர்ந்துகொண்டிருந்த 1990களில்தான் பிரான்சுவா கூப்பெரானின் நான்கு தொகுதிகளையும் அவர் பதிவு செய்தார். லுலியின் 13 இசைநாடகங்களில் 2001இல் ‘பெர்சே’யைத் தொடங்கி ‘ரோலான்’, ‘பெல்லெரோஃபோன்’, ‘ஃபாயெத்தோன்’, ‘ஆர்மீத்’, ‘ஆல்செஸ்த்’, ‘ஈசீஸ்’ என ‘ஆதீஸ்’வரை பெரும்பான்மையை ஒலிப்பதிவு செய்த ஆண்டுகளிலும் தனிக்கருவிப் பதிவுகள் இடைவிடாமல் வந்தன. ராமோ, பிரான்சுவா கூப்பெரான் இருவரைப் பற்றியும் அவர் தனித்தனியே நூல் எழுதியிருக்கிறார்.

எதிர்வாதங்கள்

வரலாற்று நோக்கில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இத்தாலிய ஓபராவில்தான் ஹார்ப்சிகார்டில் அமர்ந்தவர் குழுவை வழிநடத்தினார். பாரிஸ் ஓபராவில் தாளம் காட்டுவதற்கென்றே தனியாள் கோலுடன் நின்றார். லுலியே 1687இல் அப்படித் தாளம் தட்டும்போது காலில் பட்ட காயம் புரையோடி இறந்தார். ஆகவே விசைப்பலகையிலிருந்து லுலியை நடத்துவது பிரெஞ்சு வழக்கமே அல்ல என்பார்கள். உண்மைதான். ஆனால் இங்கே கேள்வி நடத்துநர் எங்கே உட்காருகிறார் என்பதல்ல, ஏட்டை எப்படி வாசிக்கிறார் என்பது. லுலியின் நீண்ட வசனப்பாட்டுகளை அலுப்பூட்டும் இடைவெளிகளாகக் கருதி அடுத்த பாடலுக்கு விரையாமல், நாடகத்தின் முதுகெலும்பாக நிறுத்துவதே ரூஸே பதிவுகளின் தனித்தன்மை. கோல் பிடித்தாலும் கைவீசினாலும் அந்த வாசிப்பு எண்கள் எழுதிய அடிக்குரல் வரியிலிருந்தே வருகிறது.

இரண்டாவது மறுப்பு ‘ஃபரினெல்லி’ (1994) திரைப்படம் பற்றியது. ஜெரார் கோர்பியோ இயக்கிய இப்படத்துக்கு ரூஸே இசைநடத்தினார். படத்தின் நாயகனான 18ஆம் நூற்றாண்டுக் காஸ்ட்ராட்டோ (சிறுவயதிலேயே விதைநீக்கம் செய்து உச்சக்குரல் காக்கப்பட்ட) பாடகரின் குரலை உருவாக்க, ஆண் உச்சக்குரல் பாடகர் டெரெக் லீ ரேகினின் குரலும் சொப்ரானோ ஏவா மல்லாஸ்-கோட்லெவ்ஸ்காவின் குரலும் பாரிஸின் இர்காம் ஆய்வகத்தில் கணினியில் இணைக்கப்பட்டன. பழங்கருவிக்காக வாதாடுபவர் செயற்கைக் குரலுக்குத் துணைபோகலாமா? அந்தக் குரல் வரலாற்றுச் சான்று ஆகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் பழங்கருவியும் கடந்த காலத்தை அப்படியே திருப்பித் தருவதில்லை. கருவி மீளலாம், அதைக் கேட்ட காதுகள் மீளா. இரண்டுமே ஏட்டில் இல்லாததை அறிவோடு ஊகித்து நிரப்பும் முயற்சிகள். ஒன்றில் சான்றுகள் மிகுதி, மற்றொன்றில் குறைவு. படத்தின் ஊகம் துணிச்சலானது என்று குறை சொல்லலாம். ஊகமே கூடாது என்று சொல்ல வழியில்லை.

மூன்றாவது மறுப்பு, அவர் பரோக் எல்லையைத் தாண்டிவிட்டார் என்பது. சாலியேரி பாரிஸுக்காக எழுதிய ‘தனாயீத்’ (1784), ‘ஓராஸ்’ (1786), ‘தாரார்’ (1787) மூன்றையும், குனோவின் ‘ஃபாஸ்ட்’ ஓபராவின் முதல் வடிவத்தையும்கூட அவர் பதிவு செய்திருக்கிறார். 1859இல் அரங்கேறிய ‘ஃபாஸ்ட்’டுக்கு ஹார்ப்சிகார்டோடு ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஓர் இழை தெரிகிறது. சாலியேரியின் அந்த மூன்று படைப்புகளும் பிரெஞ்சு வசனத்தின் ஏற்ற இறக்கத்தை நம்பி எழுதப்பட்டவை. ‘ஃபாஸ்ட்’டின் முதல் வடிவத்திலோ பின்னாளில் பாட்டாக மாறிய இடங்கள் பேச்சாகவே இருந்தன. பிரெஞ்சு மேடையில் பேச்சு எங்கே பாட்டாகிறது என்ற கேள்வியை லுலியிலிருந்து 19ஆம் நூற்றாண்டுவரை அவர் பின்தொடர்ந்திருக்கிறார். இத்தகைய முயற்சிகளுக்கு 1987இல் நிறுவப்பட்ட வெர்சாய் பரோக் இசை மையம் போன்ற அமைப்புகளும் அரசு ஆதரவும் சூழலை அமைத்துத் தந்தன என்பது மறுக்க முடியாதது. அச்சூழல் எல்லோருக்கும் வாய்த்தது. எதைத் தேடுவது என்ற தேர்வு அவருடையது.

மதிப்பீடு

இந்த வாசிப்புமுறைக்கு எல்லையும் உண்டு. பெருங்குழுவின் ஒலித்திரட்சியையே நம்பி நிற்கும் இசையில் சொல்லின் காலத்தைத் தேடும் காதுக்கு அதிக வேலை இல்லை. மேலே சொன்ன இழையைக் கொண்டு அவருடைய எல்லாப் பதிவுகளையும் ஒரேயளவு விளக்கிவிட முடியாது. ஆனால் பிரெஞ்சு பரோக் இசையைப் பொறுத்தவரை அவருடைய பங்கு தெளிவானது. நடன இசைக்காகவும் மேடைப் பகட்டுக்காகவும் மட்டுமே நினைக்கப்பட்ட லுலியை, மொழியைக் கையாண்ட நாடகக் கலைஞராகக் கேட்கவைத்தவர்களுள் அவர் முன்வரிசையில் இருக்கிறார். ஆதலால் அவருடைய ஓபராப் பதிவுகளை மதிப்பிட விரும்புபவர் லூயி கூப்பெரானின் அளவிடாத முன்னிசைகளை அவர் வாசித்திருப்பதை முதலில் கேட்பது நல்லது. பெரிய மேடையில் அவர் எடுக்கும் முடிவுகளின் காரணம் அந்தச் சிறிய துண்டுகளிலேயே புலப்பட்டுவிடும்.