எடுத்தனூர் நாயும் திருக்கோவில் நாய்களும்

அக்கரைப்பற்றிலிருந்து தெற்கே பொத்துவில் நோக்கிப் போகும் வீதியில் தம்பட்டை, தம்பிலுவில், திருக்கோவில், விநாயகபுரம் எனத் தமிழ்க் கிராமங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வருகின்றன. வடக்கே திரும்பினால் அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என முஸ்லிம் ஊர்கள். அவற்றின் இடையே காரைதீவு, பாண்டிருப்பு போன்ற தமிழ் ஊர்கள். இரு சாராருக்கும் மொழி தமிழே. எந்த ஊருக்குள் நுழைந்திருக்கிறோம் என்பதைப் பெயர்ப்பலகை பாராமலே அறிய ஒரு வழி உண்டு. இரவில் படலையடியில் நாய் குரைத்தால் அது பெரும்பாலும் தமிழ்க் கிராமம். மீன் வெட்டும் பலகையின் கீழே பூனைகள் உரிமையோடு உட்கார்ந்திருந்து, நாயின் சத்தமே கேளாதிருந்தால் அது முஸ்லிம் ஊர். செய்தி சேகரிப்பதற்காக இக்கரையோரத்தில் அலைந்த காலத்தில் நான் கண்டுகொண்ட அடையாளம் இது. விதிவிலக்குகள் உண்டு, ஆயினும் அதிகம் பிழைத்ததில்லை.

நாய்க்கும் பூனைக்கும் தம்மை வளர்ப்போர்மீது மெய்யாகவே அன்பு உண்டா, அன்றி எல்லாம் சோற்றுக்கடன்தானா? இக்கேள்வியை இப்போது அதிகம் கேட்பவர்கள் புலம்பெயர்ந்த நம்மவர்களே. ஊரிலே முற்றத்தைத் தாண்டி உள்ளே வர விடப்படாத நாய், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சோபாவில் ஏறி உறங்குகிறது. மிருக வைத்தியரின் கட்டணச்சீட்டைக் கையில் வாங்கும்போது இந்தச் சந்தேகம் எழுவது இயல்புதான். இதற்கு விஞ்ஞானிகள் தரும் விடையைப் பின்னால் பார்ப்போம். பழைய சாட்சியங்கள் என்ன சொல்கின்றன என்பதே எனக்கு முதலில் முக்கியமாகப் படுகிறது.

இலங்கையின் எழுதப்பட்ட வரலாற்றில் நாய் மிக முன்னதாகவே வந்துவிடுகிறது. மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயத்தில், விசயனும் தோழர்களும் கரையிறங்கிய சிறிது நேரத்தில் ஒரு பெண் நாய் தோன்றுகிறது. அது குவேனியின் பணிப்பெண்ணான யட்சிணி எடுத்த உருவம் என்கிறது கதை. தலைவன் தடுத்தும் கேளாமல் ஒருவன் அதன் பின்னே போகிறான். அவன் எண்ணியது இவ்வளவே: நாய் இருக்கிறதென்றால் ஊரும் இருக்க வேண்டும். அன்பைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை. ஆனால் நாய் என்பது மனிதரின் இருப்புக்கு அத்தாட்சி என்ற எண்ணம் இருக்கிறது. இதை நினைவில் வைத்திருங்கள்.

தமிழகத்துச் சாட்சியம் கல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பது, அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் வெளிவந்த செங்கம் நடுகற்கள் பற்றிய நூலின் வழியாகவே இப்பகுதிக் கற்கள் பரவலாக அறியப்பட்டன. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாண்டான். அவனுக்கு எடுத்த கல் அது. வீரனின் உருவத்தருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. வெறும் அலங்காரமாக அன்று. நாய்க்கெனத் தனியே ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் அவ்வாசகம் தெரிவிக்கிறது.

அந்தக் கல்லை வெட்டியவனின் நிதானம் எனக்கு வியப்பளிக்கிறது. தலைவனை நாய் நேசித்தது என்று அவன் எழுதவில்லை. செய்ததை மட்டும் எழுதினான்: கடித்தது, காத்து நின்றது. பெயரையும் விடாமல் எழுதினான். நல்ல செய்தியாளன் ஒருவன் எழுதக்கூடியதும் இவ்வளவே.

திருக்கோவிலுக்கு மேற்கேயுள்ள பட்டிகளைக் கண்டவர்களுக்கு எடுத்தனூர் அந்நியமாகத் தோன்றாது. இங்கும் எருமைதான் செல்வம். அதன் தயிருக்கு மாவட்டம் கடந்தும் பெயருண்டு. பட்டிக்காரன் வாடியில் உறங்கும்போது விழித்திருப்பது நாய். வயல் வட்டைகளில் யானையோ பன்றியோ வேளாண்மையில் இறங்கினால் முதலில் அறிவிப்பதும் அதுவே. அத்தகைய நாயை ஒரு முஸ்லிம் போடியாரின் வயல்வாடியிலும் காணலாம். ஊருக்குள் மட்டும் அது வருவதில்லை.

கருநாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல் இன்னொரு வகை. கி.பி. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த போரைச் சொல்லும் கல்வெட்டு என்பதால் சோழர் வரலாறு எழுதுவோர் அனைவரும் அதை அறிவர். அப்போரில் சிறந்து விளங்கிய மணலேரன் என்ற வீரனிடம் என்ன வேண்டுமென்று கேட்கப்பட்டபோது, அவன் பொன்னோ ஊரோ கேளாமல் காளி என்ற வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் பேளத்தூர்க் குன்றில் ஒரு பெரிய பன்றியுடன் மோதி நாயும் பன்றியும் ஒருசேர மடிந்தன. நாய்க்குக் கல் நாட்டி, நிலம் விட்டு, பூசையும் ஏற்படுத்தினார்கள். பூசை செய்யாமல் உண்ணும் பூசாரிக்குப் பாவம் என்றும் எழுதிவைத்தார்கள். மணலேரனுக்கு நாய்மீது இருந்த அன்பு ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது. நாயின் மனத்தைக் கல்வெட்டு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் பதினெட்டு நாள் சடங்கு நடக்கும், மகாபாரதம் படிப்பார்கள். அக்காவியத்தின் முடிவில் தருமன் ஒரு நாய்க்காகச் சுவர்க்கத்தையே மறுக்கிறான். தன்னை நம்பி வந்ததைக் கைவிடமாட்டேன் என்பதே அவன் வாதம். நாய் தன்னை நேசிக்கிறதா என்று அவன் கேட்கவில்லை.

பாண்டிருப்பை அடுத்த கல்முனையில் எனக்கு ஒரு மௌலவி நண்பர் இருந்தார். முஸ்லிம்கள் நாயை வெறுக்கிறார்கள் என்று யாரேனும் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். குர்ஆனின் கஹ்பு அத்தியாயத்தில் குகைத் தோழர்களின் வாசலில் நெடுங்காலம் படுத்திருந்த நாயைச் சுட்டிக்காட்டுவார். மரபு அதற்குக் கித்மீர் என்று பெயர் வைத்திருக்கிறது. தாகத்தால் தவித்த நாய்க்குத் தன் பாதணியில் நீர் மொண்டு கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்ட நபிமொழியையும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த நபிமொழியையும் சொல்வார். இலங்கை முஸ்லிம்களுள் பெரும்பான்மையினர் பின்பற்றும் ஷாபிஈ சட்ட மரபில், நாய் நக்கிய பாத்திரத்தை ஏழு முறை, அதிலொருமுறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும். ஆகவே நாய் வீட்டுக்கு வெளியே நிற்கிறது. “தூய்மை வேறு, இரக்கம் வேறு” என்பார் நண்பர். பூனைக்கு அத்தகைய தடை இல்லை. நபித்தோழர் அபூஹுறைராவின் பெயரே பூனைக்குட்டியால் வந்ததுதானே.

இனி, சந்தேகப்படுவோரின் கட்சியையும் கேட்போம். உலகமறிந்த நாய் யப்பானின் ஹச்சிகோ. தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உவேனோ 1925 மே மாதத்தில் வேலைத்தலத்தில் இறந்துபோக, 1935 மார்ச்சில் தான் இறக்கும்வரை அந்த நாய் சிபுயா புகையிரத நிலையத்துக்கு வந்துகொண்டேயிருந்தது. அது உயிரோடிருக்கும்போதே சிலையும் எழுப்பிவிட்டார்கள். ஆனால் அதன் இரைப்பையில் கோழியிறைச்சி குத்தி வாட்டும் குச்சிகள் கிடந்தன. நிலையத்தருகே தின்னக் கிடைத்ததால் வந்தது என்பர் சிலர். ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் எசமானின் கல்லறையை 1872வரை காத்ததாகச் சொல்லப்படும் பொபி கதை இன்னும் மோசம். ஒரு நாயல்ல, இரண்டு நாய்கள் அடுத்தடுத்து அந்த வேடத்தில் இருந்தன என்றும், ஊர் வியாபாரத்துக்கு அது உதவியது என்றும் யான் பொன்டெசன் என்ற ஆய்வாளர் 2011இல் வாதிட்டார். ஆசிரிய பீடத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தகைய கதைகளுக்குப் பத்திரிகையில் என்றும் இடமுண்டு. ஆகவே அவற்றை ஐயுறுவதும் நியாயமே. ஆனால் ஹச்சிகோ விடயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தின்பதற்கு மட்டுமே ஒரு நாய் ஒன்பது ஆண்டுகள் ஓரிடத்தைத் தேடி வரலாம். பழைய புகையிரதம் வரும் வேளையைத் தேர்ந்து வருவானேன்?

விஞ்ஞானத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நாயும் மனிதரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் நோக்கும்போது இருவர் உடலிலும் ஒக்சிடோசின் சுரப்பு கூடுகிறது என்று யப்பானிய ஆய்வாளர் 2015இல் காட்டினர். தாய்க்கும் சேய்க்கும் இடையே சுரப்பதும் அதுவே. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இவ்விளைவு காணப்படவில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பேர்ன்ஸ் நாய்களைப் பழக்கி, விழித்த நிலையிலேயே மூளையைப் படமெடுத்தார். உணவுக்கு எவ்வளவு கிளர்ச்சியோ, எசமானின் பாராட்டுக்கும் பெரும்பாலான நாய்களில் அவ்வளவு அல்லது அதற்கும் மேலான கிளர்ச்சி தென்பட்டது. எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது கொல்கத்தாவில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களிடம் நடத்திய ஆய்வு. முன்பின் அறியாத மனிதர்மீது தெருநாய்களுக்கு நம்பிக்கை வளர்வதற்கு, உணவைவிடத் தலையைத் தடவிக்கொடுப்பதே கூடுதலாக உதவியதென அக்குழு 2017இல் எழுதியது. அவை எவரிடமும் கல்லெறி வாங்கிப் பழகிய நம்மூர் நாய்களைப் போன்றவை. கல்முனைப் பூனைகளுக்காகவும் ஒரு சொல்: அமெரிக்காவின் ஒரிகன் அரச பல்கலைக்கழகம் 2019இல் பரிசோதித்த பூனைக்குட்டிகளில் ஏறத்தாழ 65 வீதமானவை வளர்ப்பவரோடு உறுதியான பிணைப்பைக் காட்டின.

ஆய்வுகூடம் வளர்ப்பவரை அறையிலிருந்து சில நிமிடங்கள் வெளியே அனுப்பிப் பார்க்கிறது. அம்பாறைக் கரையோரத்தில் வளர்ப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் போனார்கள்.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டது. அம்மாவட்டத்தில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றுக்கொன்று அஞ்சின. இருபுறமும் கொலைகள் நடந்தன. இருபுறமும் மக்கள் பெயர்ந்தனர். உழவு இயந்திரப் பெட்டியில் கிழவிக்கும் குழந்தைக்கும் நெல்மூட்டைக்கும் இடமிருந்தது. நாய்க்கு இருக்கவில்லை. ஊர் திரும்பியவர்களிடம் பிற்பாடு நான் வீட்டைப் பற்றியும் காணாமற்போன பிள்ளைகளைப் பற்றியும் கேட்டேன். நாயைப் பற்றி நான் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள். பெட்டியின் பின்னால் எதுவரை ஓடிவந்தது, எந்தப் பாலத்தடியில் நின்றுவிட்டது என்று இடத்தோடு சொன்னார்கள். திருக்கோவில் பக்கத்துப் பட்டிக்காரர் ஒருவரிடம் நாய் பிழைத்திருந்ததா என்று விசாரித்தேன். “எலும்பும் தோலுமா வாசலடியிலதான் கிடந்திச்சு. அது எங்கள உட்டுட்டுப் போகல்ல தம்பி, நாங்கதான் உட்டுட்டுப் போன” என்றார். பிறகு எருமைகளின் கணக்கைச் சொல்லத் தொடங்கினார். வந்தவரை அது கண்டுகொண்டதா என்று நான் கேட்டதற்கு, இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். தெற்கே யால வனத்தில் விலங்குகள் பெருமளவில் இறக்கவில்லை என்று வனசீவராசிகள் திணைக்கள அதிகாரிகள் அறிவித்தபோது உலகப் பத்திரிகைகள் மிருகங்களின் முன்னறிவைப் பற்றி எழுதிக் குவித்தன. அது எவ்வளவு தூரம் உண்மையோ, திருக்கோவில் கரையில் நான் கண்டது வேறு. அடுத்த தை மாதத்தில் அங்கே சென்றபோது கடற்பக்கத்து வளவுகளில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டுமே எஞ்சியிருந்தன. அந்த அத்திவாரங்களின்மேல் நாய்கள் படுத்திருந்தன. சமைத்த சோறு அகதி முகாம்களில் இருந்தது. முகாம்கள் தொலைவிலும் இல்லை. சில நாய்கள் அங்கே போய்த் தின்றுவிட்டு, வெயில் தாழுமுன் வெறும் சீமெந்துத் தரைக்கே திரும்பின. மகாவம்சத்து ஆள் இங்கே வந்திருந்தால் ஏமாந்திருப்பான். நாய் இருந்தது; ஊர் இல்லை.

பூனை வீட்டைச் சேரும், நாய் ஆளைச் சேரும் என்று ஊரில் ஒரு பேச்சுண்டு. அத்திவாரத்தில் கிடந்த நாய் சேர்ந்தது எதை? வீடும் போய்விட்டது, ஆளும் போய்விட்டார். அதை அன்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. வேறு பெயர் வைக்க விரும்புவோர் அந்தத் தை மாதத்தில் அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஆளற்ற நாய்கள் பெருகியதும் விசர்நாய்க்கடி அச்சம் எழுந்தது. ஊசி போட வந்தார்கள். விசர்நோய்க்கு 1893இலும் நாய்களைப் பதிவதற்கு 1901இலும் ஆங்கிலேயர் இயற்றிய கட்டளைச் சட்டங்களின்படி, எந்த நாய்க்கும் ஓர் உடைமையாளர் இருக்க வேண்டும். ஒரு தாய் மூன்று நாய்களைச் சணல் கயிற்றில் பிடித்து வந்து வரிசையில் நின்றார். ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்தார். மற்ற இரண்டுக்கும் அயல்வீட்டுக்காரியின் பெயரைச் சொன்னார். அவர் எங்கே என்று ஊழியர் கேட்டபோது அந்தத் தாய் கடற்பக்கம் கையைக் காட்டினார். ஊழியர் சற்று நேரம் பேனையைப் பிடித்தபடி இருந்தார். பின்பு அட்டையில் அந்தப் பெயரையே எழுதிக் கொடுத்தார்.