மாறாச் சரமும் மாறும் சரமும்

சிலாங்கூர் மாநிலத்தின் வடபால், கோல சிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோகோனியே 1917ஆம் ஆண்டில் அங்குச் செம்பனையை நட்டார். மலாயாவில் வாணிக முறையில் செம்பனை பயிரிடப்பட்டது அதுவே முதன்முறை. நட்ட மரம் செம்பனை. தோட்டம் தாங்கிய பெயரோ தென்னையைக் குறிக்கும் தமிழ்ச்சொல். அதனை அடுத்துள்ள பத்தாங் பெர்ஜுந்தை என்னும் பட்டணம் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று.

ஒரு பெயர் மாறுகிறது என்றால் மாறுவது எது? பழைய பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்து, அவ்விடத்திலேயே புதிய எழுத்துகளைப் பொறிப்பது ஒரு முறை. பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டு, புதிய பெயரொன்றை எழுதி, இனி ஊரைச் சுட்டுவது இதுவே என விதிப்பது மற்றொரு முறை. 2007க்கு முற்பட்ட பிறப்புச் சான்றிதழ்களில் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர் இன்றும் அழியாமல் நிற்பதால், அவ்வூருக்கு நேர்ந்தது இரண்டாவது வகை மாற்றம் எனலாம். ஜாவா என்னும் கணினி மொழியை வகுத்தோர் எழுத்துச் சரங்களுக்குத் தேர்ந்துகொண்டதும் இதே முறையைத்தான்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவர்தம் குழுவினரும் 1991இல் தொடங்கிய முயற்சி, முதலில் ஓக் என்ற பெயரோடு வளர்ந்து, 1995இல் ஜாவா என்ற பெயரோடு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே பெருவழக்கிலிருந்த சி மொழியில் எழுத்துச் சரம் என்பது சிலேட்டைப் போன்றது. யாரும் எந்த எழுத்தையும் அழித்து எழுதலாம். ஜாவாவின் ஸ்ட்ரிங் அவ்வாறன்று. அது தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் ஏட்டைப் போன்றது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு எழுதிய வரியைப் பின்னர் ஒருவர் சுரண்டித் திருத்துவாராயின், அன்றைய கூலிக் கணக்கே ஐயத்துக்குரியதாகிவிடும். சரம் ஒருமுறை உருவானபின் அதன் எழுத்துகள் மாறா. பெரிய எழுத்தாக்கு என்றாலும், ஒட்டு என்றாலும், வெட்டு என்றாலும் ஜாவா புதிய சரத்தைப் படைத்துத் தருமேயன்றிப் பழையதைத் தொடாது.

இக்கடுமைக்குக் காரணம் உண்டு. அறிமுகமில்லாத இடத்திலிருந்து வலைவழி வரும் நிரலையும் ஒருவர் தம் கணினியில் அச்சமின்றி இயக்கவேண்டும் என்பது ஜாவாவின் தொடக்கக்கால நோக்கங்களுள் ஒன்று. ஒரு கோப்பின் பெயரைக் காவலர் சோதித்து 'இதனைத் திறக்கலாம்' என இசைவு தந்த கணத்துக்கும், கோப்புத் திறக்கப்படும் கணத்துக்கும் இடையில் அப்பெயரின் எழுத்துகளை மாற்ற முடியுமாயின் காவல் எதற்கு? மேலும், மாறாத பொருளைப் பலரும் அச்சமின்றிப் பகிரலாம். நிரலில் 'தென்னமரம்' என்று நூறு இடங்களில் எழுதப்பட்டிருப்பினும் ஜாவா அதனை ஒரே சரமாகப் பொதுக் களஞ்சியத்தில் வைத்து நூறு இடங்களுக்கும் கொடுக்கிறது.

மாறாமைக்கு விலையும் உண்டு. எட்டெழுத்துப் பெயர்கள் 300ஐ ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பட்டியலாக்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் அதுவரை எழுதியது முழுவதையும் புதிய சரத்தில் மீண்டும் படியெடுக்க வேண்டியிருப்பதால், படியெடுக்கும் எழுத்துகள் குறைந்தது 361,200 ஆகும். இதற்கென்றே ஜாவா முதற்பதிப்பிலிருந்தே ஸ்ட்ரிங் பஃபர் என்னும் மாறும் சரத்தையும் வைத்திருந்தது. பலர் ஒரே நேரத்தில் கைவைத்தாலும் குழம்பாதிருக்க அது ஒவ்வொரு செயலுக்கும் பூட்டுப் போட்டது. ஒருவரே எழுதும் இடத்தில் அப்பூட்டு வீண்சுமை என்பதால், 2004இல் பூட்டில்லாத ஸ்ட்ரிங் பில்டர் வந்தது. அதன் உள்ளிடம் பதினாறில் தொடங்கி, நிரம்பும்போதெல்லாம் ஏறக்குறைய இருமடங்காக விரியும். மேற்சொன்ன பட்டியலுக்கு அதில் நிகழும் எழுத்து நகர்வு ஏழாயிரத்துக்கும் குறைவு. எழுதும் வரை சிலேட்டு, எழுதி முடித்தபின் ஏடு என்பதே நிரலாளர் கைக்கொள்ளும் நெறி. கடவுச்சொல்லுக்கு மட்டும் ஸ்ட்ரிங் ஆகாது என்பர். அழிக்க முடியாத ஏட்டில் மறைபொருளை எழுதலாமா?

இதுவரை சொன்னது எம்மொழிக்கும் பொது. தமிழுக்கென வரும் சிக்கல் இனிமேல்தான் உள்ளது.

ஜாவா ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்டது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய அரசின் இஸ்கி முறையைத் தழுவிய அவ்வமைப்பில் உயிரும், அகரமேறிய மெய்யும், உயிர்க்குறிகளும், புள்ளியுமே தனித்தனி இடம் பெற்றன. உயிர்மெய்க்குத் தனியிடம் இல்லை. தென்னமரம் என்பதில் தெ, ன், ன, ம, ர, ம் என ஆறெழுத்து உண்டென்று முதலாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஜாவாவைக் கேட்டால் ஒன்பது என்கிறது. தெகரத்தின் கொம்பையும் இரண்டு புள்ளிகளையும் அது தனி எழுத்தாக எண்ணிவிடுகிறது.

எண்ணிக்கைப் பிழையோடு இது நின்றுவிட்டாலும் பொறுக்கலாம். மாறும் சரத்தில் கைவைக்கும்போது எழுத்தே சிதைகிறது. ஸ்ட்ரிங் பில்டரிடம் கடைசி எழுத்தை நீக்கச் சொன்னால் மகர மெய் போகாது. புள்ளி மட்டும் போய், 'தென்னமர' என நிற்கவேண்டியது 'தென்னமரம' என நிற்கும். சொல்லைத் திருப்பச் சொன்னாலோ, புள்ளியொன்று உடலின்றி முன்னே நிற்க, தகரத்துக்குரிய கொம்பை னகரம் பறித்துக்கொள்ளும். திருஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகம் பாடிய மொழியில் இது சிறிய குறையன்று. பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்லும் 'விகடகவி'யைக் கொடுத்து, முன்னும் பின்னும் ஒத்ததா என்று கேட்டால், இல்லை என்றே விடை வரும். வி, க, ட, க, வி என்னும் ஐந்தும் ஒத்திருக்க, கணினி பிரித்த ஏழும் ஒத்திருக்கவில்லை.

கோல சிலாங்கூர் என்ற பெயரின் முதலெழுத்திலும் ஒரு பொறி உண்டு. 'கோ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். இரட்டைக் கொம்பு, கால் எனப் பிரித்து இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஜாவாவின் ஒப்பீட்டில் இரண்டும் வேறு. பெயர்ப் பட்டியலை ஒருவர் ஒருவகையாகத் தட்டெழுதியிருக்க, தேடுபவர் மற்றொரு வகையாகத் தட்டெழுதினால், பட்டியலில் உள்ள மாணவனைக் கணினி இல்லை என்று கூறிவிடும். 2006இல் ஜாவாவில் சேர்ந்த நார்மலைசர் என்னும் கருவி இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணரும். ஆயினும் அதனைப் பயன்படுத்தவேண்டும் என்ற நினைவு நிரலாளருக்கு இருத்தல் வேண்டும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு அந்நினைவு எளிதில் வாராது.

தமிழறிஞர்கள் இதனை அறியாதிருந்தாரல்லர். மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்ற 1997ஆம் ஆண்டு மாநாடு, 1999இன் சென்னை மாநாடு, 2001இல் கோலாலம்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு ஆகியன தமிழ்க் குறியீட்டையும் விசைப்பலகையையும் ஆராய்ந்தன. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு, அக்கோரிக்கையின் வழிவந்த டேஸ் 16 முறையையும் ஏற்றது. அம்முறையில் 'தெ' ஒரே குறியீடாதலின் ஜாவாவின் எண்ணிக்கையும் பிழையாதிருக்கும். எனினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால் உலகப் பொதுவழக்காகவில்லை. அதற்காக இன்று வருந்துவதில் பயனில்லை. கோடிக்கணக்கான தமிழ்ப் பக்கங்கள் ஒருங்குறியில் எழுதப்பட்டுவிட்டன.

ஜாவாவும் நின்றுவிடவில்லை. 2017இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பு, இலத்தீன் எழுத்துச் சரங்களை முன்னிருந்த இடத்தில் பாதியிலேயே அடக்கியது. தமிழ்ச் சரத்துக்கு அச்சலுகை கிட்டவில்லை. ஆயின் எழுத்தெல்லை காணும் பிரேக் இட்டரேட்டர் கருவி 2023இல் வெளிவந்த இருபதாம் பதிப்பில் ஒருங்குறியின் விரிந்த விதியைப் பின்பற்றத் தொடங்கிற்று. அக்கருவி வகுக்கும் எல்லைகளில் சரத்தை வெட்டிப் பின்னிருந்து ஒட்டினால், தென்னமரத்தின் கொம்பு தகரத்திடமே தங்குகிறது. விகடகவியும் விகடகவியாகவே திரும்புகிறான்.