திருச்சி வெல்டர்கள்: பயிற்சியும் குடியிருப்பும்

நாகப்பட்டினத்தில் இயங்கிய தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களின் பிற்பகுதியில் திருச்சி பொன்மலைக்கு வந்தது. தொழிலாளர் குடும்பங்களும் கூடவே பெயர்ந்தன. பணிமனையை ஒட்டி ரயில்வே காலனி எழுந்தது. அப்ரண்டிசாகச் சேர்ந்தவர் சில ஆண்டுகள் மூத்தவரிடம் வேலை பழகி, அங்கேயே நிரந்தரமாகி, குவார்ட்டர்ஸ் பெற்றுக் குடியேறினார். 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய, பாரத மிகு மின் நிறுவனத்தின் (பெல்) கொதிகலன் ஆலையும் இதே வழியில் கைலாசபுரம் நகரியத்தை அமைத்தது.

பயிற்சி, வேலை, வீடு மூன்றும் ஓரிடத்தில் அமைந்த இந்தப் பிணைப்பைத் தளர்த்தியது குறுகிய காலப் பயிற்சி. பெல் வளாகத்தில் 1975-இல் உருவான வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம், ஆய்வோடு வெல்டர்களுக்குச் சில வாரப் பயிற்சிகளையும் அளித்தது. இத்தொழிலில் பெரிதாக மதிக்கப்படுவது ‘சிக்ஸ் ஜி’ தேர்வு. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி வந்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் பற்றவைக்க வேண்டும். பெரும்பாலும் முதல் அடுக்கு டிக் (TIG) வெல்டிங் முறையில், மேல் அடுக்குகள் ஆர்க் ராடில். பிறகு எக்ஸ்ரே. உள்ளே காற்றுக்குமிழ்கள் வரம்பை மீறித் தெரிந்தால் தேர்ச்சி இல்லை.

தேறியவரின் கைத்திறனுக்குக் கொதிகலன் குழாய் உள்ள இடமெல்லாம் வேலை உண்டு. முதலில் அவர்களை ஈர்த்தவை பெல்லுக்கு உதிரிப்பாகம் செய்த துவாக்குடி, திருவெறும்பூர்ப் பட்டறைகள். அங்கே குவார்ட்டர்ஸ் கிடையாது. அதனால் தஞ்சாவூர் சாலையை ஒட்டிய காட்டூர், அரியமங்கலம் பகுதிகளில் வாடகை வீடுகள் பெருகின. கனரக ஆலை எதுவும் எழாத ஸ்ரீரங்கம் தீவிலிருந்து வேலைக்குச் செல்வோர் காவிரியைக் கடந்தாக வேண்டும். 1976-இல் திறக்கப்பட்ட பாலம் அதை எளிதாக்கியது.

அடுத்து அனல்மின் நிலையக் கட்டுமானத் தளங்களும் வளைகுடா நாடுகளும் அழைத்தன. வேலை ஒப்பந்த முறையில், ஒரு தளம் முடிந்ததும் அடுத்த தளம். மனைவி மக்கள் திருச்சியிலேயே. 2010-களில் கொதிகலன் ஆர்டர்கள் சரிந்து பட்டறைகள் பல நொடித்தபோது, வெளியூர் செல்வது பலருக்கு ஒரே வழியாயிற்று. சொந்த வீடும் வங்கிக் கடனும் உள்ள நடுவயதுக்காரர்களுக்கு அதுவும் எளிதாக இல்லை.

2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் குறுகிய பயிற்சியை நாடெங்கும் கொண்டுசென்றது. அத்தகைய திட்டங்களில் சான்றிதழும் வேலைவாய்ப்பும் கணக்கில் ஏறுகின்றன. வேலை கிடைத்த ஊரில் அந்தச் சம்பளத்துக்கு வீடு அமையுமா என்பதும் அக்கணக்கில் சேர வேண்டும்.